பென்சில் அக்காவும் குருவிக் கணக்கும்

வரியின் அடியில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. இனி பென்சில் அக்கா அடுத்த வரிக்குப் போகமாட்டார். ‘ஒட்டகம் தன் திமிலில் சேமிப்பது தண்ணீரை அல்ல, கொழுப்பை’ என்ற அந்த வரியை உதடு அசைய இன்னொரு முறை படிக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். ஸ்கிரிப்ட் எழுதிய பெண் எதிரே நிற்கிறாள். என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“எங்க போட்டிருக்கு?”

“அக்கா, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

“சரி. எல்லாரும் எங்க போட்டிருக்காங்க?”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய், கால் மணி நேரத்தில் ஒரு விலங்கியல் பாடநூலின் நகலோடும் ஒரு கால்நடை மருத்துவரின் கட்டுரையோடும் திரும்பி வருகிறாள். அக்கா இரண்டையும் படிக்கிறார். பிறகு இடது கைப்பக்கம் இருக்கும் நீலப் பென்சிலை எடுத்து, அதே வரியின் தலைக்கு மேல் ஒரு கோடு இழுக்கிறார். அடியில் சிவப்பு, தலையில் நீலம். ஒட்டகம் அன்றைக்குத் தப்பித்தது.

இது அரசு ஒளிபரப்பு நிறுவனத்தின் கல்விக் காணொளிப் பிரிவு. பெயர்தான் பெரியது. பழைய வானொலிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரு காலத்தில் இசைத்தட்டுகளை அடுக்கிவைத்திருந்த நீண்ட அறை; அதைப் பலகை வைத்து இரண்டாக மறித்திருக்கிறார்கள். ஒரு பாதியில் கேமராவும் விளக்குகளும் பச்சைத் திரையும். மறுபாதியில் ஏழு மேசைகள். பள்ளிப் பிள்ளைகளுக்காக மூன்று நிமிடம், நான்கு நிமிடம் ஓடும் வீடியோக்கள் இங்கே தயாராகி இணையத்துக்குப் போகின்றன. மின்னல் ஏன் வளைந்து இறங்குகிறது, சோப்பு எப்படி அழுக்கை எடுக்கிறது, மண்புழுவுக்குக் கண் உண்டா. இதுவரை அறுநூற்றுச் சொச்சம். அந்த ‘சொச்சம்’ என்ற சொல்லை அக்கா பார்த்தால் அடியில் கோடு போடுவார்.

அக்கா இந்தப் பிரிவின் சரிபார்ப்பாளர். முகம் காட்டுவதில்லை, குரல் கொடுப்பதில்லை, வீடியோவின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில்கூடத் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் நுழைவாயில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் ‘ஒரு வாக்கியம், இரண்டு ஆதாரம்’ என்பது அவர் சொன்னது. பிரிவு தொடங்கிய முதல் வாரம் ஒரு கூட்டத்தில் சலிப்போடு சொன்னார். பிரிவின் தலைவர் அதைப் பிடித்துச் சுவரில் ஏற்றிவிட்டார். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா அதைக் கடக்கும்போது பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்.

வயது ஐம்பத்தேழு. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். தோள் பையில் எப்போதும் நான்கு பென்சில், ஒரு பென்சில் சீவி, பிளாஸ்டிக் டப்பாவில் பென்சில் சீவல். சீவலைக் கண்ட இடத்தில் போடாமல் டப்பாவில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. லிஃப்டில் ஏறினால் ‘எட்டு நபர்’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு ஆட்களை எண்ணுவார். கண் மருத்துவர் ஒருமுறை, “ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க” என்றபோது, “எங்க போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டார். மருத்துவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு கட்டுரையைப் பிரதியெடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவரைத் தவிர வேறு கண் மருத்துவரிடம் அக்கா போவதில்லை.

வீட்டில் மட்டும் இந்தக் கேள்வி கிடையாது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்மணியைக் காப்பாற்றிய கதையை அவர் சொல்ல ஆரம்பித்தால், முதல் வருடம் ஒரு பெண்மணி; இப்போது அந்த லிஃப்டுக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே நிற்கிறது. அவர் சொல்லச் சொல்ல அக்கா வாயைத் திறக்கமாட்டார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மடியில், முழங்காலுக்குச் சற்று மேலே, மெல்லக் கோடு இழுக்கும். கூர்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஏன் வீட்டில் கேட்பதில்லை என்று சகாக்கள் சீண்டினால் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. “ஆபீஸ்ல கேட்டா வீடியோ நிக்கும். வீட்டுல கேட்டா வீடு நிக்குமா?”

போன மாதம் வந்த ஒரு கேள்வி இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது.

பிரிவின் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது குருவியைப் பற்றியது. முப்பத்தொரு லட்சம் பார்வை. குருவி ஏன் நடக்காமல் தத்துகிறது என்பது பொருள். அதில் நடுவே ஒரு வரி: ‘ஒரு சிட்டுக்குருவி ஒரு நாளில் நாலாயிரத்து முந்நூற்று இருபது முறை தத்துகிறது.’ பிள்ளைகளுக்கு இந்த எண் பிடித்துப்போனது. எங்கேயோ ஒரு பள்ளியில் ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து நாலாயிரத்து முந்நூற்று இருபது முறை தத்தி, அதை வீடியோவாகப் போட்டது. அதைப் பார்த்து மற்றப் பள்ளிகளும் தத்தின. கல்வித் துறை தன் மூன்றாம் வகுப்புப் பயிற்சி நூலில் இதை ஒரு கணக்காகப் போட முடிவு செய்தது. அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்துத் தரும்படி அந்தப் பக்கம் அக்காவின் மேசைக்கே வந்திருந்தது.

அதே வாரம், வீடியோவின் கீழே, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘யார் எண்ணினாங்க?’

பார்வையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது அக்காவின் வேலைகளில் ஒன்று. கோப்பை எடுத்தார். குருவி வரியின் அடியில் சிவப்பு, தலையில் நீலம். ஆதாரம் ஒன்று, வெளிநாட்டில் அச்சான கெட்டி அட்டைச் சிறுவர் கலைக்களஞ்சியம். ஆதாரம் இரண்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் பறவைகள் துறை பிள்ளைகளுக்காக நடத்தும் இணையப் பக்கம். இந்த இரண்டையும் குறிப்பிட்டுப் பதிலைத் தட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். எங்கே போட்டிருக்கிறது என்று அந்தச் சிறுமி கேட்கவில்லை. யார் எண்ணினார்கள் என்று கேட்டிருந்தாள். பதினொரு வருடமாக எல்லோரையும் முதல் கேள்வியால் துளைத்தெடுத்த அக்கா, இரண்டாவது கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. புத்தகத்தில் இருந்தால் யாரோ பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கம் தன்னிடமும் இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் கண்டார்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அங்கிருந்து ஓர் அம்மையார் மிகுந்த மரியாதையோடு பதில் போட்டார்: நாங்கள் எண்ணவில்லை, கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்தோம். அப்படியானால் இரண்டு ஆதாரம் ஒன்றாகிவிட்டது. அக்கா கலைக்களஞ்சியத்தின் கடைசிப் பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். குருவிக்கு அவர்கள் கைகாட்டியது, ஒரு பள்ளி ஆசிரியர் இருபத்தைந்து வருடத்துக்கு முன் எழுதிய பறவை நூலை. அந்த நூல் நூலகத்தில் இருந்தது. அதில், பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘வானொலி, சிறுவர் நேரம்.’

அந்த வானொலி இதே கட்டடம். சிறுவர் நேரத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருத்திக்கு, முப்பத்து மூன்று வருடத்துக்கு முன், வயது இருபத்துநான்கு.

 அக்கா அச்சுக்குப் போகவிருந்த பயிற்சிப் பக்கத்தை இழுத்து எதிரில் வைத்துக்கொண்டார். ‘ஒரு குருவி 12 மணி நேரத்தில் 4320 முறை தத்தினால், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தத்தும்?’ விடை 360. ‘ஒரு நிமிடத்தில்?’ விடை 6. மீதமே வரவில்லை. உயிருள்ள ஒன்றை எண்ணிக் கிடைத்த எண் இவ்வளவு ஒழுங்காக வகுபடாது. இப்படி வகுபடுகிற எண்ணை யாரோ பெருக்கி உண்டாக்கியிருக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் பழைய காகிதக் கட்டுகள் இருக்கும் அறை. பொறுப்பாளர் விடுப்பு. சாவியை வாங்கி, தூசுக்கு முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, ஒன்றரை நாள் தேடினார். கட்டு கிடைத்தது. தட்டச்சு செய்த தாள், ஓரம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. குருவி வரி அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால், சாய்ந்த கையெழுத்தில்: ‘10 நிமிடம் – 60. 60 × 6 × 12.’ அந்தக் கையெழுத்தை அடையாளம் காண அவருக்கு இரண்டாவது ஆதாரம் தேவைப்படவில்லை.

அப்போதெல்லாம் கோடு போட யாரும் இல்லை. சிறுவர் நேரத்தில் ஒரு நிமிட இடைவெளியை நிரப்ப ஏதாவது தேவைப்பட்டிருக்கிறது. மாடிப்படி ஜன்னலில் ஒரு குருவி. எண்ணியிருக்கிறார், பெருக்கியிருக்கிறார், எழுதியிருக்கிறார். பிறகு மறந்தும்விட்டார். அந்த எண் அவரை மறக்காமல் ஊர் சுற்றிவிட்டு, அட்டை போட்டுக்கொண்டு, பல்கலைக்கழக முத்திரை குத்திக்கொண்டு அவர் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது. அவரும் எழுந்து நின்று வரவேற்காத குறையாக நீலக் கோடு போட்டிருக்கிறார்.

தலைவரின் அறைக்குப் போய்ச் சொன்னார். தலைவர் நாற்பது வயதுக்காரர், கெட்டிக்காரர், எதையும் சிரிப்பில் முடிக்கப் பார்ப்பவர். முதலில் சிரித்தார். குருவி வந்து வழக்குப் போடப் போகிறதா என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் பிரிவின் வேலையைப் பார்வையிட ஒரு குழு வருகிறது. இந்தப் பிரிவு தொடர வேண்டுமா, நிறுவனத்தின் வேறொரு பகுதியோடு கரைத்துவிடலாமா என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அவர்கள்.

“அக்கா, ஒண்ணு யோசிங்க” என்றார். “ரெண்டு ஆதாரமும் நீங்களேன்னு தெரிஞ்சா, மத்த அறுநூறும் எப்படின்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?”

 அதையேதான் அக்காவும் கீழ்த்தளத்திலிருந்து மூன்று மாடி ஏறி வரும்போது கேட்டுக்கொண்டு வந்திருந்தார். அறுநூறு வீடியோ, ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது வரி, ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கோடு. எட்டு மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் விட்டுப்போவதற்கு வேறொன்றும் இல்லை.

திருத்தம் போடத்தான் வேண்டும் என்பதில் தலைவருக்கும் மறுப்பில்லை. எப்படிப் போடுவது என்பதில்தான் பேச்சு. அவர் ஒரு வரி எழுதி நீட்டினார்: ‘நாங்கள் பயன்படுத்திய இரண்டு ஆதாரங்களிலும் இந்த எண் தவறாக இருந்தது. வருந்துகிறோம்.’ வீடியோவின் கீழே முதல் குறிப்பாக இதை வைத்துவிடலாம். பயிற்சி நூலுக்கு வேறு கணக்கு கொடுத்துவிடலாம். அவ்வளவுதான்.

அக்கா அந்தச் சீட்டைத் தன் மேசைக்குக் கொண்டுபோனார். பழக்கத்தில் சிவப்புக் கோடு போட்டார். இரண்டு ஆதாரத்திலும் தவறாக இருந்ததா? இருந்தது. நிரூபிக்க முடியுமா? முடியும், இரண்டும் கையில் இருக்கின்றன. நீலப் பென்சிலை எடுத்துத் தலையில் கோடு இழுத்தார். ஒரு குறையும் இல்லாத வாக்கியம். அவருடைய விதிப்படி அது உண்மை. அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார். எடுத்துப் பார்ப்பார், மடித்து வைப்பார். கோடு போட்ட பிறகும் ஒரு வாக்கியம் உறுத்த முடியும் என்பது அவர் வேலையில் புதிது.

இடையில் வேறொன்றும் இருந்தது. திருத்தம் என்றால் எது தவறு, சரி எது, தவறு எப்படி நடந்தது என்று மூன்றையும் சொல்லவேண்டும் என்பதும் அக்கா வைத்த விதிதான். இரண்டு வருடத்துக்கு முன், கேமரா முன் நின்று பேசும் இளைஞன், அலுவலகத்தில் எல்லோரும் ‘முகம்’ என்று கூப்பிடுகிறவன், பேச்சு வேகத்தில் ‘மீன்களிலேயே பெரியது திமிங்கலம்’ என்று சொல்லிவிட்டான். ஸ்கிரிப்டில் இல்லாதது. அக்கா அவனை மறுபடி அதே சட்டையில் கேமரா முன் நிறுத்தி, திமிங்கலம் மீன் இல்லை, ஸ்கிரிப்டில் இல்லாததை நானாகச் சேர்த்தேன், அதனால் வந்த தவறு என்று சொல்ல வைத்தார். நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது. நான்காவது முறை அவன் குரல் உடைந்தது. அதைத்தான் அக்கா தேர்ந்தெடுத்தார். அதன்பின் ஆறு மாதம் அவன் அவரோடு தேநீர் குடிக்க வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். பேச்சு எப்படியோ சுற்றி, கணவருக்குப் பிடித்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் இருவரும் முதலில் சந்தித்த கதை. வானொலிக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுவிட்டது, பழுது பார்க்க அவர் வந்தார், மாடிப்படி ஜன்னலோரம் ஒரு பெண் நின்று குருவியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஒரு மணி நேரம் எண்ணுறா” என்றார் கணவர். “பக்கத்துல ஒரு ஆம்பளை ஆள் நிக்கிறேன், திரும்பிப் பாக்கல. முப்பது குருவி இருக்கும். ஒவ்வொண்ணா எண்ணுறா.”

கொழுந்தனார் மனைவி சிரித்தாள். இந்தக் கதையை அவள் பத்து முறையாவது கேட்டிருப்பாள். அக்காவின் விரல் மடியில் கோடு இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது.

அவர்கள் போனபின் கணவர் சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றக் குனிந்தார். அக்கா வாசற்படியில் வந்து நின்றார்.

“ஏங்க. அன்னைக்கு எத்தனை நிமிஷம் எண்ணினேன்?”

“ஒரு மணி நேரம்னு சொன்னேனே.”

“எங்க போட்டிருக்கு?”

ஸ்பேனர் நின்றது. முப்பத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி இந்த வீட்டில் கேட்கப்பட்டதில்லை. கணவர் மெல்ல நிமிர்ந்து, ஈரக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். கோபம் வரலாம் என்று அக்கா எதிர்பார்த்தார். வரவில்லை. தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் அவர் முகத்தில் வரும் ஒரு நிதானம் வந்தது.

“எட்டு” என்றார்.

“பத்துன்னு எழுதியிருக்கேன்.”

“எட்டுதான். மோட்டார் சூடேறி நின்னுபோச்சுன்னா எட்டு நிமிஷம் ஆற விட்டுட்டுத்தான் திரும்பப் போடணும். அந்த எட்டு நிமிஷம்தான் நான் ஜன்னல்கிட்ட வந்து நின்னேன். நான் வந்தப்புறம்தான் நீ எண்ண ஆரம்பிச்ச. நான் கிளம்புறப்போ பேப்பர்ல எழுதிட்டிருந்த.”

 கணவர் சற்றுத் தயங்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தவர்போல் வாஷரை விரலில் உருட்டினார்.

“அப்புறம், ஒரு குருவி இல்ல. ரெண்டு.”

“என்ன ரெண்டு?”

“ஒண்ணு பறந்து போச்சு. இன்னொண்ணு வந்து அதே இடத்துல உக்காந்துச்சு. நீ நிறுத்தாம எண்ணிக்கிட்டே இருந்த. சொல்லலாம்னு பாத்தேன். முத நாளே எதுக்குன்னு விட்டுட்டேன்.”

முப்பத்து மூன்று வருடம் அந்த மனிதர் அதை மனதில் வைத்திருந்தார். மேலே கதையாக ஒரு மணி நேரமும் முப்பது குருவியும் ஏறிக்கொண்டே போக, அடியில் எட்டும் இரண்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் அப்படியே கிடந்திருக்கின்றன. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அக்கா உள்ளே போய்க் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, தலைவரின் சீட்டை எடுத்தார். கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

திங்கட்கிழமை தலைவர் அந்தப் பின்பக்கத்தைப் படித்தார். ‘இந்த எண்ணை நான் உண்டாக்கினேன். எட்டு நிமிடம், இரண்டு குருவிகளை, ஒரே குருவி என்று எண்ணினேன். பத்து நிமிடம் என்று எழுதினேன். மீதியைப் பெருக்கினேன். பிறகு என் எண்ணையே பிறர் நூல்களில் பார்த்து ஆதாரம் என்று ஏற்றுக்கொண்டேன். ஒரு சிட்டுக்குருவி ஒரு நாளில் எத்தனை முறை தத்தும் என்று எங்களுக்குத் தெரியாது.’

இந்தப் பிரிவின் அறுநூறு வீடியோக்களில் ‘தெரியாது’ என்ற சொல் இதுவரை வந்ததில்லை என்று தலைவர் சொன்னார். வந்ததில்லைதான் என்று அக்கா ஒப்புக்கொண்டார். குழு வந்துபோன பிறகு போடலாமே என்றார் தலைவர். பயிற்சிப் பக்கத்தோடு காரணமும் கல்வித் துறைக்குப் போகவேண்டும், கெடு புதன்கிழமை என்றார் அக்கா. மற்ற அறுநூறுக்கு என்ன பதில் என்று மறுபடி கேட்டார் தலைவர். அக்கா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். எட்டு மாதத்துக்கு வேலைநாட்கள் குறித்திருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை பழைய வரி, ஒவ்வொன்றுக்கும் யார் முதலில் பார்த்தது, யார் எண்ணியது என்று ஒரு புதிய கட்டம்.

“முடியுமா?”

“எல்லாம் முடியாது. பாதி வரும்.”

தலைவர் சீட்டைத் திருப்பித் தன் வரியை ஒருமுறை பார்த்தார், மறுபக்கம் திருப்பி இதை ஒருமுறை பார்த்தார். இதற்கு எழுத்துக் குறிப்பு போதாது, வீடியோவாக எடுத்தால்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றார். ஆனால் முகம் சொன்னால் எடுபடாது, எண்ணியவர்தான் சொல்லவேண்டும் என்றார். அக்கா கேமரா முன் வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தைரியத்தில் சொன்னாரோ என்னவோ.

“சரி தம்பி” என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை மதியம் படப்பிடிப்பு. அக்கா தினமும் கட்டும் மாதிரிப் புடவைதான். சட்டையில் மாட்டும் மைக்கைப் புடவையில் எங்கே மாட்டுவது என்று ஒலிப்பதிவாளர் திணறினார். பச்சைத் திரைக்கு முன்னால் அக்கா சின்னவராகத் தெரிந்தார். கையில் சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும். பென்சிலைக் கீழே வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள், வைக்கவில்லை.

முதல் முறை பெயரைச் சொல்ல மறந்தார். இரண்டாவது முறை ‘எட்டு நிமிடம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். மூன்றாவது முறை வேகம் கூடிவிட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் முகம் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் தாளோடும் அதனடியில் கீழ்த்தளத்துப் பழைய தாளின் நகலோடும் வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். படப்பிடிப்பின்போது பேசுகிறவர் தாளில் இருப்பதையே சொல்கிறாரா என்று பார்ப்பது வழக்கமாக அக்காவின் வேலை. அன்றைக்கு அது அவனுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் மறுபேச்சில்லாமல், “இன்னொண்ணு போலாம் அக்கா” என்றான். அவன் குரலில் கேலி இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்காவது முறை தடங்கல் இல்லை. ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு அக்கா கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பு விளக்கு அணைந்தது.  ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றினார்.

முகம் தாளை மடியில் வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தான். எப்போது வாங்கினானோ. ‘எட்டு நிமிடம், இரண்டு குருவிகளை’ என்று தொடங்கும் வரியின் அடியில் நிதானமாக ஒரு கோடு இழுத்தான்.

“அக்கா” என்றான். “இந்தப் பழைய பேப்பர்ல பத்து நிமிஷம், ஒரு குருவின்னு இருக்கு. நீங்க எட்டு, ரெண்டுங்கறீங்க. எங்க போட்டிருக்கு?”

அறையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். தலைவர் கதவருகே நின்றவர் உள்ளே ஓரடி வைத்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு நீலப் பென்சிலை நீட்டி, விளக்குத் தாங்கிகளுக்குப் பின்னால், தேய்த்த சட்டை போட்டு, கால்களுக்கு நடுவே கருவிப் பையை வைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் காட்டினார்.